எதை அமுக்கணும் தம்பி?

ஃபைனல் இயர் மக்களே... இந்தக் காட்சியைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. சிம்போசியம் நாள். மூணு மாசம் ஹாஸ்டல் ரூமில் சால்டரிங் புகையோடு குடித்தனம் நடத்தி, நீங்க நாலு பேர் சேர்ந்து செஞ்ச குவிஸ் மெஷின் ஸ்டாலில் ஜம்முனு நிக்குது. ஆறு பட்டன், ரெண்டு குமிழ், ஒரு குட்டி எல்.சி.டி. ஜட்ஜ் வர்றார். கையை நீட்டுறார். பாதியில் நிறுத்திட்டு உங்களைத் திரும்பிப் பார்த்து, ''எதை அமுக்கணும் தம்பி?'' என்கிறார்.

போச்சு! உள்ளே ஓடுற புரோகிராம் எவ்வளவு பிரமாதமா இருந்தா என்ன? அந்தக் கேள்வி வந்துட்டா, மெஷின் தன்னைப் பற்றித் தானே சொல்லத் தவறிடுச்சுன்னு அர்த்தம். ''பக்கத்திலேயே இன்ஸ்ட்ரக்‌ஷன் ஷீட் ஒட்டியிருக்கோமே!''னு வாதாடாதீங்க. ஸ்டாலில் நின்னு பதினாலு வரி படிக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஜட்ஜாவது பரவாயில்லை. ஓப்பன் டேக்கு வரும் எட்டாம் கிளாஸ் பொண்ணு என்ன பண்ணும் தெரியுமா? ரெண்டு பட்டனை அமுக்கிப் பார்க்கும். ஒண்ணும் நடக்கலைன்னா, ''எனக்கு இதெல்லாம் வராது''னு ஃப்ரெண்டு கையைப் பிடிச்சுக்கிட்டு நகர்ந்துடும். தப்பு உங்க டிசைன்ல. பழியை அது தன் தலையில் போட்டுக்கிட்டுப் போயிடும். டொனால்டு நார்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், இழுக்கணுமா தள்ளணுமான்னு தெரியாமல் நம்மை முழிக்க வைக்கும் கதவுகளைப் பற்றி 1988-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதில் அவர் திரும்பத் திரும்பப் புலம்புவது இதைத்தான். பொருள் சொதப்பினாலும், ஜனங்க தங்களைத்தான் திட்டிக்கிறாங்க.

படிச்சவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லைன்னு நினைச்சா, அதுவும் தப்பு. 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் லூசி சுச்மன் என்ற மானுடவியலாளர் ஒரு காரியம் செய்தார். அந்த கம்பெனியின் புது காப்பியர் முன்னால் ரெண்டு ரெண்டு பேரா நிற்க வைத்து, ''பிரதி எடுங்க''னு சொல்லிவிட்டு வீடியோ எடுத்தார். பச்சை பட்டனை அமுக்கினா போதும் என்று விளம்பரம் பண்ணப்பட்ட மெஷின் அது! அதன் முன்னால் திண்டாடியவர்களில் ஒருவர் ஆலன் நெவல். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி, 1975-ல் டூரிங் விருதை வாங்கினவர். அவருக்கே அந்த கதின்னா, உங்க ஸ்டாலுக்கு வர்ற பாவப்பட்ட ஜனங்க எம்மாத்திரம்?

ரொம்ப தூரம் போவானேன்... உங்க கிளாஸ்ரூம் ஸ்விட்ச் போர்டையே பாருங்க. வரிசையா எட்டு ஸ்விட்ச். எந்த ஸ்விட்சுக்கு எந்த ஃபேன்? நாலு வருஷம் படிச்சு முடிச்சாலும் தெரியாது. எல்லாத்தையும் 'டக் டக்'னு தட்டிப் பார்த்து, லெக்சரர் தலைக்கு மேல ஓடுற ஃபேனை நிறுத்தி வாங்கிக் கட்டிக்கிட்டவங்க கை தூக்குங்க! ஃபேன் இருக்கும் அமைப்பிலேயே ஸ்விட்சையும் வெச்சிருந்தா பிரச்னையே இல்லை. இடது ஃபேனுக்கு இடது ஸ்விட்ச். பத்து பைசா செலவில்லாத யோசனை.

சரி, நல்ல உதாரணம் வேணுமா? ஓட்டு போடுற மெஷினைப் பாருங்க. 1982-ல் கேரளாவின் பரவூரில்தான் முதல்முறையா அதைப் பயன்படுத்தினாங்க. நம்ம எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரு பெல் நிறுவனத்தில் இன்ஜினீயரா இருந்தப்போ அந்த மெஷினின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதில் ஓட்டு போடறாங்களே, எப்படி? பெயர், அதுக்குப் பக்கத்தில் சின்னம், அதே வரிசையில் நீல பட்டன். அமுக்கினா அந்த வரிசையிலேயே சிவப்பு விளக்கு எரியும், 'பீ...ப்'னு நீளமா சத்தம் வரும். அவ்வளவுதான். இன்னொரு தடவை அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. தேர்தல் அலுவலர் தன் பக்கத்து பட்டனைத் தட்டினாத்தான் அடுத்த ஓட்டு. யாரும் எதையும் கெடுத்துட முடியாதபடி வெச்சிருக்காங்க பாருங்க, அங்கேதான் நிக்குது டிசைன்!

இப்போ உங்க குவிஸ் மெஷினுக்கு வருவோம். ஆறு பட்டன் எதுக்கு? பதில் ஏ, பி, சி, டி-க்கு நாலு. ஸ்டார்ட்டுக்கு ஒண்ணு. ரீசெட்டுக்கு ஒண்ணு... அந்த ரீசெட் உங்களுக்குத்தானே தேவை, ஜட்ஜுக்கு இல்லையே? பெட்டிக்குப் பின்னால் தள்ளுங்க. ரெண்டு குமிழில் ஒண்ணு வால்யூம், இன்னொண்ணு எல்.சி.டி. பளிச்னு தெரிய. ரெண்டையும் பெட்டிக்குள்ளேயே அடைங்க. மிச்சம் அஞ்சு. ஸ்டார்ட்டை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிசா வெச்சு, உள்ளே ஒரு எல்.இ.டி. போட்டு மினுக்க விடுங்க. இருட்டில் விளக்கைத் தேடிப் போகிற பூச்சி மாதிரி கை தானா அங்கே போகும்.

அமுக்கின பத்தில் ஒரு பங்கு செகண்டுக்குள் ஒரு சத்தமோ வெளிச்சமோ வரணும். அதுக்கு மேல் தாமதமானா, 'வேலை செய்யலையோ'னு ஆளு மறுபடி அமுக்குவார். அது மட்டுமில்லை, பட்டனுக்கு உள்ளே இருக்கும் தகடுகள் ஒட்டும்போது சில மில்லி செகண்ட் துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். ஒரே தட்டலை மைக்ரோ கன்ட்ரோலர் நாலைந்து தட்டலா எண்ணிட்டு, ரெண்டு கேள்வியைத் தாண்டி ஓடிடும். முதல் தட்டலுக்குப் பிறகு ஒரு ஐம்பது மில்லி செகண்ட் காதைப் பொத்திக்கோனு புரோகிராமில் ஒரு வரி எழுதிடுங்க.

எல்.சி.டி-யில் தமிழ் காட்டணும்னு ஆசையா? ஆசை நல்லதுதான். ஆனா, லேப்பில் கிடைக்கிற பதினாறுக்கு ரெண்டு எல்.சி.டி-யில் நாமாக வரைந்து சேர்க்க எட்டு எழுத்துக்குத்தான் இடம். 247 எழுத்துக்காரங்க நாம, எங்கே போய் உட்காருவது? பட்டனுக்குப் பக்கத்தில் படமோ, அச்சடிச்ச தமிழ்ச் சீட்டோ ஒட்டிடுங்க.

இன்னொண்ணு. பாதி விளையாட்டில் விட்டுட்டுப் போறவங்க நிறைய. அடுத்து வர்றவர் நாலாவது கேள்வியில் மாட்டிக்கிட்டு முழிப்பார். முப்பது செகண்ட் யாரும் தொடலைன்னா மெஷின் தானா முதல் பக்கத்துக்குத் திரும்பணும்.

மெஷின் தூரத்திலிருந்தே கூப்பிடவும் வேணும். 2012 ஏப்ரலில் எம்.ஐ.டி. மாணவர்கள் இருபது மாடிக்கு மேல் உயரமான ஒரு கட்டடத்தின் 153 ஜன்னல்களை டெட்ரிஸ் கேம் ஆக்கிட்டாங்க. விளையாட வர்றவங்களுக்கு யாரும் பாடம் எடுக்கலை. முதலில் 'டெட்ரிஸ்'னு எழுத்து கட்டடம் முழுக்க ஓடும், அவ்வளவுதான். நகர்த்த, திருப்ப, கீழே தள்ள மட்டும் வசதி. தோத்துட்டா கட்டைகள் எல்லாம் மளமளன்னு அடியில் விழுந்துடும். 'கேம் ஓவர்'னு எழுதிக் காட்டணுமா என்ன?

இதெல்லாம் சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரியும்? சால்டரிங் அயர்னைத் தொடறதுக்கு முன்னாடியே சோதிங்க. பாம் பைலட் கையடக்கக் கணினியை உருவாக்கின ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் ஒரு மரக்கட்டையை அந்த அளவுக்கு வெட்டி சட்டைப் பையில் வெச்சுக்கிட்டு, கணினி மாதிரியே எடுத்து எடுத்துப் பார்த்தாராம். உங்களுக்கு ஒரு அட்டைப்பெட்டி போதும். ஸ்கெட்ச் பேனாவில் பட்டன் வரைங்க. ஒருத்தர் பின்னால் ஒளிஞ்சு உட்கார்ந்து 'பீப்' சத்தம் கொடுக்கட்டும். கேள்விகளைப் பேப்பரில் எழுதி மாத்தி மாத்திக் காட்டட்டும்.

உங்க கிளாஸ்மேட்டைக் கூப்பிடாதீங்க. அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே! கேன்டீன் அண்ணன், தமிழ் டிபார்ட்மென்ட் பொண்ணு, வாட்ச்மேன் தாத்தா... இப்படி அஞ்சு பேர் வந்தா போதும். பெரும்பாலான ஓட்டைகள் அஞ்சு பேரிடமே தெரிஞ்சுடும்னு ஜேக்கப் நீல்சன் 2000-த்திலேயே எழுதிட்டார். நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அவங்க தப்பான பட்டன்கிட்டே விரலைக் கொண்டு போகும்போது, ''அது இல்லேண்ணே!''னு வாய் துருதுருன்னு வரும். கடிச்சுக்குங்க. முதலில் கை எங்கே போச்சு, எங்கே தயங்கிச்சுன்னு மட்டும் நோட்டில் குறிங்க. ரெண்டு பேர் ஒரே இடத்தில் தயங்கினா, அந்த பட்டனை அழிச்சு வேற இடத்தில் வரைங்க.

அட்டைப்பெட்டி கேன்டீனில் கேட்டா சும்மாவே தருவாங்க. ஸ்கெட்ச் பேனாவுக்கு ஜூனியர்ஸ் இருக்கவே இருக்காங்க!