பச்சையா இருந்தா எல்லாம் ஜேடு ஆயிடுமா?



திருவிழாக் கடையில பச்சைக் கல் வளையல் பார்த்திருப்பீங்க. "ஜேடு, ஒரிஜினல்" என்பார் கடைக்காரர். ஜேடு என்றால் என்ன?

ஜேடு என்பது ஒரு கல் இல்லை, ரெண்டு கல். ஒன்று நெஃப்ரைட், இன்னொன்று ஜேடைட். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் உலகமே ஒன்று என்று நினைத்திருந்தது. 1863-ல் தாமூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானிதான் இவை வேறு வேறு என்று காட்டினார்.

நெஃப்ரைட்டில் கால்சியம், மக்னீசியம், இரும்பு, சிலிக்கான் எல்லாம் சேர்ந்திருக்கும். இரும்பு கூடினால் பச்சை. ரொம்பக் குறைந்தால் வெள்ளை. நல்ல வெள்ளை ஜேடுக்குச் சீனாவில் என்ன பேர் தெரியுமா? "ஆட்டுக்கொழுப்பு ஜேடு"! நம்ம பக்கத்து ஆளுங்க வைத்த பேர் மாதிரியே இருக்கு.

இதன் கடினம் 6 முதல் 6.5 வரைதான். வைரத்துக்கு 10. ஆனாலும் சுத்தியலால் அடித்தால் வைரம் பிளந்துவிடும், நெஃப்ரைட் லேசில் உடையாது. காரணம், அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. பேப்பரைக் கிழிக்கலாம், பதம் போட்ட தோலைக் கையால் கிழிக்க முடியுமா? தோலுக்குள்ளும் இப்படித்தான் நார்கள் எல்லாப் பக்கமும் பின்னியிருக்கும். கீறல் விழாதது வேறு, உடையாதது வேறு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இந்தக் கல்லில்தான் உளியும் சண்டைக்கான ஆயுதமும் செய்தார்கள்.

சீனாவின் கோத்தான் பக்கம் ரெண்டு ஆறுகள் ஓடுகின்றன. ஒன்றின் பேருக்கு வெள்ளை ஜேடு என்றும் இன்னொன்றுக்குக் கறுப்பு ஜேடு என்றும் அர்த்தம். வெள்ளம் வடிந்ததும் ஆற்றில் இறங்கிக் கல் பொறுக்குவார்கள். ஷாஜகானுக்கு 1657-ல் செய்த வெள்ளை நெஃப்ரைட் கிண்ணம் லண்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதன் கைப்பிடி ஒரு ஆட்டுத்தலை!

ஜேடைட் அதிகம் கிடைப்பது பர்மாவில். அங்கே 2020 ஜூலை 2-ந் தேதி சுரங்க மண்மேடு சரிந்து, கழிவில் கல் தேடிய ஏழை ஜனங்கள் 160 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். நகைக்கடைக் கண்ணாடியில் இதெல்லாம் தெரியாது.

சரி, நம்ம திருவிழாக் கல்? பெரும்பாலும் அது "இந்தியன் ஜேடு". பேரில் மட்டும்தான் ஜேடு. கர்நாடகாவில் கிடைக்கும் ஒருவகைக் குவார்ட்ஸ் அது. உள்ளே குரோமியம் கலந்த அபிரகத் துகள்கள் இருப்பதால் பச்சையாகி மினுக்கும். ஆமாம், தோல் ஷாப்பில் பதம் போடுகிற அதே குரோமியம்தான்.

எங்க பெரியம்மா இடுப்பு வலிக்கு, "இதைப் போட்டா கிட்னி கல் கரையும்" என்று சொன்னதை நம்பி 1,200 ரூபாய்க்கு இப்படி ஒரு வளையல் வாங்கினார். இந்த நம்பிக்கை ரொம்பப் பழசு. நெஃப்ரைட் என்ற பேரே சிறுநீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் "நெஃப்ராலஜி" என்று போர்டு இருக்குமே, அதுவும் அதே சொல்தான். ஆனால் கையில் மாட்டிய கல் வயிற்றுக் கல்லை எப்படிக் கரைக்கும்?

அறிவியல் டீச்சர் உதவியுடன் அந்த வளையலை எடை போட்டேன். காற்றில் 53 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கினால் 33 கிராம். குறைந்தது 20. நம்ம பாடத்தில் வரும் ஆர்க்கிமிடிஸ் கணக்குதான்: 53-ஐ 20-ஆல் வகுத்தால் 2.65. நெஃப்ரைட் என்றால் சுமார் 2.95 வரணும், ஜேடைட்டுக்கு 3.3. குவார்ட்ஸுக்குத்தான் 2.65.

பெரியம்மா மறுவாரமே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்து மாத்திரை சாப்பிடுகிறார். வளையலைக் கழற்றவில்லை, கலர் பிடிச்சிருக்காம்!

உங்க வீட்டில் இப்படி வளையல் இருந்தால் கொண்டு வாங்க, எடை பார்க்கலாம். மோதிரம் வேண்டாம், தங்கத்தோடு சேர்த்தால் கணக்கு தப்பாகிவிடும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி