நாற்காலியை விடாதவர்கள்

அமெரிக்காவில் ஒருவர் ஜனாதிபதியாக இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பது 1951 முதல் அரசியல் சாஸன விதி. அவ்விதியை வகுத்த காங்கிரஸ் அங்கத்தினர்களோ தங்களுக்கு யாதொரு வரம்பும் வைத்துக் கொள்ளவில்லை! ஜான் டிங்கெல் என்பவர் 1955 முதல் 2015 வரை, 59 வருஷங்களுக்கு மேல், பிரதிநிதி சபையை அலங்கரித்தார். அவருக்கு முன் அந்த ஸ்தானத்தில் இருந்தவர் அவருடைய தகப்பனார். பின்னர் வந்தவர் அவருடைய மனைவி. ஜமீன் பரம்பரை தோற்றது, போங்கள்!

பொது ஜனங்களின் அபிப்பிராயம் என்ன? 2023-ல் ப்யூ ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் விசாரித்தபோது, நூற்றுக்கு 87 பேர் வரம்பு வேண்டுமென்றனர். கட்சிச் சண்டை மலிந்த அத்தேசத்தில் இவ்வளவு ஒற்றுமை அபூர்வமே. எனினும் வோட்டுப் போடும் தினத்தில் பெரும்பாலும் பழைய அங்கத்தினரே ஜயிக்கிறார். தொலைய வேண்டியவர் எப்போதும் அடுத்த தொகுதிக்காரர்தான் போலும்!

23 ராஜ்யங்கள் தாமே வரம்பு விதித்துப் பார்த்தன. 1995-ல் ஸுப்ரீம் கோர்ட்டு, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அது செல்லாதென்றது. சாஸனத்தைத் திருத்தினாலன்றி வழியில்லை. அதே வருஷம் பிரதிநிதி சபையில் வந்த திருத்தத்துக்கு ஆதரவு 227, எதிர்ப்பு 204. மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை.

அநுபவசாலிகளை அகற்றினால் முதலாளிகளின் தூதர்களே சபையை ஆட்டி வைப்பார்கள் என்ற ஆட்சேபத்தை நாம் அற்பமென்று தள்ளமாட்டோம். ஆனால் அந்த வழக்கில் தீர்ப்புக் கூறுகிறவர்கள் பிரதிவாதிகளாகவே இருப்பதுதான் நமக்கு உறுத்துகிறது.