ஓர் எண் போதும்

பாரிட் புந்தாரிலிருந்து கோலாலம்பூருக்கு இ.டி.எஸ். இரயிலில் போக, கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் டிக்கெட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு திரையில் தேதி, அடுத்ததில் இரயில், பிறகு இருக்கை, கடைசியில் பணம். ஒரே செயலிக்குள் விவரம் கைமாற என்ன சிரமம் என்று தோன்றும். ஆண்ட்ராய்டில், திரைகளைத் தனித்தனி ‘ஆக்டிவிட்டி’களாக எழுதியிருந்தால், ஒன்று மற்றொன்றைத் தானே திறக்க முடியாது. ‘இன்டென்ட்’ எனும் கோரிக்கையில் விவரத்தைச் சேர்த்து இயங்குதளத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கோரிக்கை, செயலியையும் இயங்குதளத்தையும் இணைக்கும் ‘பைண்டர்’ எனும் பாதை வழியாகச் செயலியை விட்டு வெளியே போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. பக்கத்து வீட்டுக்கு எழுதிய கடிதமும் தபால் நிலையம் போய் வருவதுபோல. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாதைக்கு ஒரு செயலிக்கு ஒதுக்கிய இடம் 1 எம்.பி. மட்டுமே. அந்நேரத்தில் நடக்கும் எல்லாப் பரிமாற்றங்களுக்கும் சேர்த்துத்தான் அது. பெரிய படம் ஒன்றைத் திணித்தால் செயலி அப்படியே விழுந்துவிடும்.

ஆகவே முன்பதிவின் எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு, மற்றதைக் கைத்தொலைபேசியிலேயே உள்ள தரவுதளத்தில் எழுதிவைப்பதே முறை. எல்லாத் திரையும் பார்க்கும்படி நினைவகத்தில் பொதுவாக வைத்தால் என்ன, அது வேகமாயிற்றே என்று கேட்பார்கள். வேகம்தான். ஆனால் பணம் கட்ட எஃப்.பி.எக்ஸ். எனும் இணையக் கட்டண முறை வழியாக வங்கிச் செயலிக்குப் போகிறோம். நினைவகம் குறைந்த கருவியில் அதற்குள் டிக்கெட் செயலியை இயங்குதளம் கொன்றுவிடலாம். திரும்பும்போது திரை மீண்டும் எழும். இன்டென்டில் இருந்த எண்ணும் வந்துவிடும். நினைவகத்தில் இருந்தது வராது. பணம் போன பிறகு வெறுந்திரையைப் பார்த்து நிற்பவருக்கு இந்த வேகத்தால் என்ன லாபம்? இப்போது எல்லாத் திரையும் ஒரே ஆக்டிவிட்டிக்குள் அடங்குகிறதே என்பது இன்னொரு வாதம். நியாயமான வாதம்தான், திரை மாறுவதற்கு அங்கே பைண்டர் வேண்டியதில்லை. ஆனாலும் செயலி பின்னணிக்குப் போகும்போது அது சேமித்துவைக்கும் நிலை அதே குறுகிய பாதையில்தான் போகிறது. அளவு மீறினால், 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், எச்சரிக்கையோடு விடாமல் செயலியையே இயங்குதளம் நிறுத்திவிடுகிறது.

இதெல்லாம் ஆவணங்களில் தெளிவாகவே இருக்கிறது. இருந்தும் புத்தம் புதிய, விலையுயர்ந்த கருவியில் மட்டும் சோதித்துப் பார்த்துச் செயலியை வெளியிடும் பழக்கம் போகவில்லை. பழைய கருவி வைத்திருக்கும் பெரியவர், பூர்த்தி செய்த படிவம் காணாமல் போனதும், தம் விரல்தான் தவறியது என்று நம்பிவிடுகிறார். செயலி எழுதும் இளைஞர்களே, வெளியிடும் முன் டெவலப்பர் அமைப்பில் பின்னணிச் செயலிகளுக்கு இடமில்லை என்று மாற்றிவிட்டு, பணம் கட்டும் திரைவரை ஒருமுறை போய் வாருங்கள்.