அடக்க முடியாத அவசரம்: பெண்களின் சிறுநீர்ப்பையும் ஒட்சியேற்றத் தகைப்பும்

போன நோன்பு மாதம் சாச்சி தராவீஹ் தொழுகைக்கு வருவதை நிறுத்திவிட்டா. கேட்டதற்கு முழங்கால் வருத்தம் என்றா. நீர்வேலியிலிருந்து யாழ்ப்பாணம் ரவுனுக்குப் பஸ் ஏறவும் மறுத்தா. ஒருநாள் அடுப்படியில் தனியே இருக்கும்போதுதான் உண்மையைச் சொன்னா: "மகள், சலம் முட்டினால் அடக்கேலாது. பாத்ரூமுக்குப் போகமுந்தியே சொட்டுது. வுழூ நிக்குதில்லை, என்ர தொழுகை கூடுமோ தெரியாது."

இது வயது போனால் எல்லோருக்கும் வருகிற விதியல்ல. பெயருள்ள ஒரு வருத்தம். திடீரென்று அடக்க முடியாத அவசரம், பகலில் பலமுறை, இரவிலும் எழும்பிப் போவது, சிலருக்குக் கசிவு. கிருமித் தொற்றோ வேறு வெளிப்படையான காரணமோ இல்லாமல் இவை இருந்தால் அதனை மிகைச்செயற்பாட்டுச் சிறுநீர்ப்பை என்கிறார்கள். கனடா, ஜேர்மனி, இத்தாலி, சுவீடன், பிரித்தானியா ஆகிய 5 நாடுகளில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பெண்களில் 12.8 வீதமானோருக்கு இது இருந்தது. ஏறக்குறைய எட்டுப் பெண்களில் ஒருவர். ஆக, சாச்சி தனியாள் இல்லை.

சிறுநீர்ப்பை ஒரு தசைப்பை. நிரம்பும்போது அது தளர்ந்து இடங்கொடுக்க வேண்டும். நாம் விரும்பும்போது மட்டும் சுருங்க வேண்டும். அசற்றைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருள் அதனைச் சுருக்குகிறது. இந்த வருத்தத்தில் பை பாதி நிரம்பமுன்னரே சுருங்கத் தொடங்குகிறது.

ஏன் அப்படி? ஆய்வாளர்கள் காட்டும் காரணங்களில் ஒன்றுதான் ஒட்சியேற்றத் தகைப்பு. நீர்வேலி வாழைப்பழத்துக்குப் பேர்போன ஊர். வெட்டி வைத்த பழம் கொஞ்ச நேரத்தில் கறுக்கிறதே, அது ஒட்சிசனின் வேலை. உடலுக்குள்ளும் ஒட்சிசனிலிருந்து தீவிரமான சில துணிக்கைகள் உருவாகின்றன. அவற்றைத் தணிக்க உடலிடமே காவல் நொதியங்கள் உண்டு. துணிக்கைகள் பெருகிக் காவல் தோற்கும் நிலையே தகைப்பு.

பை நிரம்பி இழுபடும்போது அதன் சுவரிலுள்ள இரத்தக் குழாய்கள் நெருக்குப்படும். சலம் கழித்தபின் இரத்தம் மீண்டும் பாயும். சீனி வருத்தம், கொலஸ்ரரோல், முதுமை ஆகியவற்றால் குழாய்கள் ஒடுங்கியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் கடுமையாகிறது. இரத்தம் குறைந்து மீண்டும் பாயும் அந்த வேளையில்தான் தீவிரத் துணிக்கைகள் கூடுதலாகப் பிறக்கின்றன. அவை நரம்பு நுனிகளையும் தசைக் கலங்களையும் அரிக்கின்றன. நரம்பு குறைந்த தசை சின்னத் தூண்டலுக்கும் துடிக்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரஜன் குறைவதும் பெண்களுக்கு மேலதிகச் சுமை. முயல், எலி ஆகியவற்றில் செய்த சோதனைகள் இந்தத் தொடர்பைத் தெளிவாகக் காட்டியுள்ளன. இதை வைத்து ஒட்சியேற்ற எதிரி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கத் தேவையில்லை. அவை இந்த வருத்தத்துக்கு நிறுவப்பட்ட மருந்தல்ல. சீனியையும் பிறஷரையும் கட்டுப்படுத்துவது அதைவிடப் பயனுள்ளது.

மருந்து இரண்டு வகை. முதலாவது, அசற்றைல்கோலினைத் தடுப்பவை: 1975இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்சிபியூட்டினின், பின்னர் வந்த ரொல்ரெரொடின், சொலிபெனசின். இவற்றால் வாய் காயும், மலச்சிக்கல் வரும், பார்வை மங்கலாம். நீண்டகாலம் பாவித்த முதியவர்களில் மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வு சொன்னது. மருந்துதான் காரணம் என்று அது நிறுவவில்லை; ஆனாலும் வயதானவர்களுக்குக் கொடுக்கும்போது கவனம் வேண்டும். இரண்டாவது வகை மிராபெக்ரொன். அமெரிக்காவில் 2012இல் அனுமதிக்கப்பட்டது. இது சுருக்கத்தைத் தடுப்பதில்லை, தசையைத் தளர்த்துகிறது. வாய் காய்வது குறைவு. ஆனால் பிறஷரைக் கூட்டலாம். அதனால் கட்டுப்படாத உயர் பிறஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. எந்த மருந்தானாலும் பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும். நாலு நாளில் கைவிடக்கூடாது.

மருந்துக்கு முந்தி சலத்தைச் சோதித்துக் கிருமியும் சீனியும் பார்க்க வேண்டும். தேத்தண்ணி, கோப்பியைக் குறைக்கலாம். அவசரம் வரும்போது உடனே ஓடாமல் சில நிமிடம் பொறுத்து, கிழமைக்குக் கிழமை இடைவெளியைக் கூட்டிப் பழகலாம். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் உதவும். தண்ணீர் குடிப்பதையே நிறுத்துவதுதான் பெரிய பிழை. சலம் செறிந்து பையை இன்னும் உறுத்தும்.

இனி, சாச்சியின் மற்றக் கேள்வி. கசிவு ஓயாத ஒருவருக்கு மார்க்கம் வாசலை அடைக்கவில்லை. நம்மிடையே பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, தொழுகை நேரம் வந்தபின் கழுவிச் சுத்தம்செய்து, துணி வைத்து, வுழூ செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். அதன்பின் கசிந்தாலும் அந்தத் தொழுகை கூடும். ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக வுழூ வேண்டும். இடைக்கிடை மட்டும் கசிபவர், கசிவில்லாத நேரத்தைப் பார்த்துத் தொழ வேண்டும். தன் நிலை எது என்பதை மௌலவியிடம் கேட்பதில் வெட்கமில்லை. நேரே கேட்கக் கூச்சமென்றால் வீட்டு ஆம்பிளை மூலம் கேட்கலாம்.

சாச்சி இப்போது கிளினிக் போகிறா. முற்றாகச் சுகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரவில் எழும்புவது குறைந்திருக்கிறது, பஸ் ஏறுகிறா. உங்கள் வீட்டிலும் உம்மாவோ உம்மம்மாவோ முழங்கால் வருத்தம் என்று சொல்லி ஒதுங்கியிருந்தால், ஒருதரம் தனியே கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.