கயிறு கட்டி இழுக்கும் முன்...

குடும்பத்தோடு கண்டிக்குப் போகிறீர்கள். கடுகண்ணாவ ஏற்றத்தில் கார் நின்றுவிடுகிறது. உதவிக்கு வந்த வேன்காரர் கயிறு கட்டி இழுக்கத் தயார். சகோதரிகளே, அவசரப்படாதீர்கள்!

முதலில் பிள்ளைகளை இறக்கி வேறு வாகனத்தில் அனுப்பிவிடுங்கள். இழுபடும் காரில் சாரதி மட்டும் போதும். அவரும் அனுபவசாலியாக இருக்க வேண்டும். என்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று தடவை மிதித்ததுமே பிரேக் கல்லாய் இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். முழுப் பலத்தோடு மிதித்தால்தான் கார் நிற்கும். சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஆகவே சாவியை 'ஒன்' நிலையில் விட்டு, கியரை நியூட்ரலில் போட வேண்டும்.

கயிற்றை பம்பரில் அல்ல, அதற்கென உள்ள கொளுக்கியில் கட்டுங்கள். நடுவே சிவப்புத் துணியொன்று தொங்கட்டும். மெதுவாக, கயிறு தளராமல் இழுக்க வேண்டும். அருகில் எவரும் நிற்கக் கூடாது. அறுந்தால் சவுக்காய் அடிக்கும்.

ஓட்டோ கியர், ஹைபிரிட் கார்களைக் கயிற்றில் இழுக்கவே வேண்டாம்; கியர்பெட்டி பழுதாகிவிடும். அவற்றை லொறியில் ஏற்றுவதே சரி. நீண்ட இறக்கம் முன்னாலிருந்தால் எந்தக் காருக்கும் இதுவே பாதுகாப்பு.

செலவு கூடத்தான். ஆனாலும் "வேண்டாம், லொறியை அழைப்போம்" என்று சொல்ல நீங்கள் தயங்காதீர்கள். அந்த ஒரு சொல் உங்கள் குடும்பத்தைக் காக்கும்.