சுமந்து செல்லப்பட்ட டிராகன்கள்: 1940இல் பிரான்சின் இயந்திரக் காலாட்படை

1940இல் பிரான்ஸ் தோற்றதைப் பற்றிப் பேசும்போது இலக்கிய வாசகர்கள் பலருக்கு க்ளோத் சிமோனின் 'ஃப்ளாண்டர்ஸ் சாலை' நினைவுக்கு வரும். 1985இல் நோபல் பரிசு பெற்ற சிமோன் அந்தப் போரில் 31ஆவது டிராகன் ரெஜிமென்டில் குதிரை வீரராக இருந்தவர். 1960இல் வெளிவந்த அந்நாவலில், ஒரு குதிரைப்படைக் கேப்டன் வாளை உருவி உயர்த்தியபடியே சுட்டு வீழ்த்தப்படுகிறார். அந்தச் சித்திரம் பொய்யில்லை. ஆனால் அதே டிராகன் என்ற பெயரில், குதிரையே இல்லாமல் மோட்டார் வண்டிகளில் சென்ற காலாட்படை ஒன்றும் பிரான்சிடம் இருந்தது. இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

டிராகன் என்பவர் பழைய காலத்தில் குதிரையில் போய், இறங்கி நின்று போரிடும் வீரர். குதிரையின் இடத்துக்கு வண்டி வந்தபோது இவர்களை 'டிராகோன் போர்த்தே' என்றார்கள். சுமந்து செல்லப்படும் டிராகன்கள் என்று பொருள். போர்முறை முழுவதும் அந்தப் பெயரிலேயே அடங்கிவிடுகிறது. வண்டி களத்தின் விளிம்புவரை சுமக்கும்; அதற்கப்புறம் நடைதான். அவர்கள் ஏறிய ஆறு சக்கர லாஃப்லி வண்டிகளுக்குக் கவசம் கிடையாது. முன்னால் வழி பார்க்கப் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்கள் ஓடின.

குதிரைப்படை உருவாக்கிய 'இலகு இயந்திர டிவிஷன்'களில்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக அமைந்தது. முதலாவது 1935இல் உருவானது; 1940 மே மாதத்தில் மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் டாங்கிகளோடு மூன்று பட்டாலியன் கொண்ட ஒரு டிராகன் ரெஜிமென்ட். பட்டாலியனுக்குள் இரண்டு துப்பாக்கி வீரர் அணிகள், ஒரு இயந்திரத் துப்பாக்கி மற்றும் மோர்ட்டார் அணி, துணைக்கு இலகு கவச வண்டிகளின் அணி ஒன்று. காகிதத்தில் மட்டுமல்ல, நடைமுறையிலும் இது நல்ல அமைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயுதங்களும் மோசமில்லை. சிறு குழுவின் மையம் 7.5 மில்லிமீட்டர் 24/29 இலகு இயந்திரத் துப்பாக்கி. 25 மில்லிமீட்டர் ஹாட்ச்கிஸ் பீரங்கி அன்றைய ஜெர்மன் டாங்கிகள் பெரும்பாலானவற்றைத் துளைக்கக் கூடியது. சங்கடம் வேறிடத்தில்: கனரக இயந்திரத் துப்பாக்கியான 1914ஆம் ஆண்டு ஹாட்ச்கிஸ் 8 மில்லிமீட்டர் தோட்டாவைக் கேட்டது. ஒரே பட்டாலியனுக்கு இருவகைத் தோட்டாக்களைச் சுமக்க வேண்டியிருந்தது.

காலாட்படைத் துறையோ 1940 ஜனவரியில்தான் தன் கனரகக் கவச டிவிஷன்களை அமைக்கத் தொடங்கியது. அங்கே நான்கு டாங்கி பட்டாலியன்களுக்கு ஒரேயொரு காலாட் பட்டாலியன்! அவர்களில் சிலருக்குக் கிடைத்த லொரேன் 38 வண்டிதான் பிரான்சின் உண்மையான கவசக் காலாள் வண்டி. டாங்கிகளுக்கு எரிபொருள் கொண்டுபோகச் செய்த சங்கிலிச் சக்கர வண்டியை மாற்றி, பின்னால் ஒரு கவச இழுவைப் பெட்டியும் பூட்டி, இரண்டிலும் ஆட்களை ஏற்றினார்கள். ஜெர்மானியரிடமும் கவச அரைச்சங்கிலி வண்டிகள் அப்போது சொற்பமே. அவர்களுடைய காலாட்களில் பெரும்பாலோர் சாதாரண லாரியில்தான் வந்தார்கள். ஆனால் ஒரு பான்சர் டிவிஷனில் பொதுவாக மூன்றோ நான்கோ காலாட் பட்டாலியன்கள் இருந்தன. டாங்கி பிடித்த இடத்தில் உடனே ஆள் நிற்க முடிந்தது.

மே 12 முதல் 14 வரை பெல்ஜியத்தில் ஹன்னூ அருகே ஜெனரல் ப்ரியூவின் இரண்டு இலகு இயந்திர டிவிஷன்கள் இரண்டு பான்சர் டிவிஷன்களை எதிர்கொண்டன. 11ஆவது டிராகன் ரெஜிமென்ட் கிரெஹென், ஓர்ப், ஜான்ட்ரைன் முதலிய கிராமங்களில் வரிசையாக நிறுத்தப்பட்டது. கிராமத்துக்குள் நன்றாகவே சண்டையிட்டார்கள். கிராமங்களுக்கு இடையே இருந்த வெளியை யார் காப்பது என்பதுதான் கேள்வி. 13ஆம் தேதி ஜெர்மன் டாங்கிகள் அந்த இடைவெளிகளில் நுழைந்து பின்பக்கம் வந்தன; ஜான்ட்ரைனில் இருந்தவர்கள் சூழப்பட்டார்கள். இருந்தும் முதலாம் படை ஜாம்ப்ளூவில் அணிவகுக்கத் தேவையான நேரம் கிடைத்துவிட்டது. அதற்காகத்தான் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அதே 13ஆம் தேதி, தெற்கே சேடானில், ஜெர்மன் காலாட்கள் ரப்பர் படகுகளில் மியூஸ் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஹன்னூவில் தப்பி வந்த டாங்கிகளோ அடுத்த சில நாட்களில் காலாட்படை டிவிஷன்களுக்குப் பின்னால் துண்டு துண்டாகப் பகிர்ந்து நிறுத்தப்பட்டன.