கவிஞனின் இலட்சியமும் ஜீவனோபாயமும்

கலைஞன் என்பவன் உலகியல் கவலைகளுக்கு அப்பாற்பட்டவன் என்ற எண்ணம் எம்மிடையே இன்றும் வேரூன்றியிருக்கின்றது. வறுமையும் அற்பாயுளும் மேதைமையின் அடையாளங்களாகப் போற்றப்படுவதும் உண்டு. ஆங்கில மனோரதியக் கவிஞர்களே இவ்வெண்ணத்துக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படுகின்றனர். ஆயின், அவர்களது வாழ்க்கை வரலாறு உணர்த்துவது வேறொன்றாகும்.

கைத்தொழிற் புரட்சி இங்கிலாந்தை மாற்றியமைத்துக் கொண்டிருந்த வேளையில், தனிமனித உணர்வுக்கும் கற்பனைக்கும் இயற்கைக்கும் முதன்மை வழங்கியதே மனோரதிய இயக்கம். 1798 இல் வேர்ட்ஸ்வேர்த்தும் கோல்ரிட்ஜும் இணைந்து வெளியிட்ட கவிதைத் தொகுதி அதன் முக்கிய திருப்புமுனையாகக் கொள்ளப்படுகின்றது.

இயற்கையைப் பாடிய அதே வேர்ட்ஸ்வேர்த், 1813 முதல் 1842 வரை முத்திரை வரி விநியோகத்துக்குப் பொறுப்பான அரச பதவியை வகித்தார். தரிசனங்களைப் பாடிய வில்லியம் பிளேக், செப்புத்தகட்டில் சித்திரம் செதுக்கியே வயிறு வளர்த்தார். 1816 இல் மருந்தாளருக்கான அனுமதியைப் பெற்ற கீற்ஸ், அத்தொழிலைக் கைவிட்டுக் கவிதையை வரித்துக்கொண்டு, 1821 இல் தமது 25 ஆவது வயதில் காசநோயால் மறைந்தார். பண்ணைத் தொழிலாளியான ஜோன் கிளேர், 1820 இல் வெளிவந்த முதல் நூலால் பெரும் புகழடைந்தார். புகழ் விரைவிலேயே நீங்கியது, வறுமை நீங்கவில்லை. 1864 இல் மனநோயாளர் விடுதியொன்றிலேயே அவர் இறந்தார். அவரது நோய்க்கு வறுமைதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. எனினும், வாசகரின் வியப்பு மாத்திரம் ஒரு கவிஞனின் குடும்பத்தைக் காப்பாற்றாது என்பது வெளிப்படை.

இதனை நன்குணர்ந்த வேர்ட்ஸ்வேர்த், எழுத்தாளரின் பதிப்புரிமைக்காகக் குரல் கொடுத்தார். 1842 ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 7 ஆண்டுகளும் அல்லது வெளியீட்டிலிருந்து 42 ஆண்டுகள், இவற்றில் நீண்டதை உரிமைக்காலமாக்கியது. படைப்பு ஆன்மாவின் வெளிப்பாடு என்ற இலட்சியமும், அதற்கு உரிய ஊதியம் வேண்டும் என்ற கோரிக்கையும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல.

இயந்திரமே கவிதை புனையும் இக்காலத்தில் இவ்வுண்மை மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. எமது தமிழ், முஸ்லிம் எழுத்தாளர் பலர் சொந்தப் பணத்திலேயே நூல்களை வெளியிடுகின்றனர். நாமோ பொன்னாடை போர்த்திவிட்டு, நூலை இலவசமாக எதிர்பார்க்கின்றோம். எழுத்தாளனின் வறுமையைப் போற்றுவதைவிட, அவனது நூலை விலைகொடுத்து வாங்குவதே அவனுக்கு நாம் செய்யும் உண்மையான கௌரவமாகும்.